இரண்டும் மிஷின் கை

போன மாதம், நான் வேலை பார்த்த டயாலிசிஸ் நிலையத்திலிருந்து ஷாலினி என்ற இளம் தாதி கைப்பேசியில் கூப்பிட்டாள். அங்கே எல்லாருக்கும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். மருந்து வந்து குளிர்பெட்டியில் இருக்கிறது. ஆனால் தாதிகளிலேயே பாதிப் பேர் வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறார்களாம்.

"அங்கிள், கோவிட் நேரத்துல இங்க ஒரு பேஷன்ட் விஷயமா என்னமோ நடந்துச்சாமே? நீங்க கூட இருந்தீங்கன்னு சொல்றாங்க. ஒரு நாள் வந்து எங்களுக்கு அதச் சொல்லுங்களேன் லா."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. என் மகள் கல்யாணத்திலேயே மைக்கை நீட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் நான். எழுதினால் கொஞ்சம் வரும். ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்தாலும் பத்திரிகை படிக்கும் பழக்கத்தை விடவில்லை. அதனால் எழுதித் தருகிறேன், அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பள்ளியை விட்டதும் போர்ட் கிள்ளானில் லோரிக்குக் கெலிண்டானாகப் போனேன். ஓட்டுநருக்குக் கூடமாட உதவும் ஆளை அப்படித்தான் சொல்வார்கள். பிறகு கிடங்கில் மூட்டை. பிறகு லைசென்ஸ் எடுத்துப் பள்ளி வேன். அப்புறம்தான் கிள்ளானில் இருந்த அந்த நிலையத்துக்கு ஓட்டுநராகப் போனேன். தர்மக் காரியமாக நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய இடம். சிறுநீரகம் பழுதான ஏழைகளை வீட்டிலிருந்து கூட்டி வருவதும், நாலு மணி நேரம் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்த பிறகு திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் வேலை. வண்டி ஓட்டுவதோடு முடிகிற வேலையில்லை அது. எடை பார்க்கத் தூக்கி நிறுத்த வேண்டும். ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கும்வரை பஞ்சை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்குவதிலும் ஓர் அளவு உண்டு. அதிகமானால் நரம்பு அடைத்துக்கொள்ளும், குறைந்தால் சட்டை நனைந்துவிடும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தனலெட்சுமி மிஸ்ஸி.

தாதிகளை நம் பழைய ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த நிலையத்தில் மூன்று தாதிகள் இருந்தார்கள். ஆனால் மிஸ்ஸி என்றால் தனலெட்சுமி ஒருவர்தான். மற்ற இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மிஸ்ஸி ஒல்லியாக, உயரமாக இருப்பார். நடந்தால் சத்தம் கேட்காது. யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. எடை ஏறி வருகிற நோயாளியிடம், "மணியண்ணே, பழம்" என்பார், அவ்வளவுதான். அந்த ஆள் தானாகவே, "ஒரே ஒரு வாழப்பழம் மிஸ்ஸி, பக்கத்து வீட்ல குடுத்தாங்க" என்று ஒப்புக்கொள்வார். தண்ணீர் எத்தனை மிடறு, உப்பு எவ்வளவு, தலையணை எந்தப் பக்கம், எல்லாவற்றையும் மிஸ்ஸிதான் சொல்வார். எதையும் யாருடைய விருப்பத்துக்கும் விட்டவரில்லை.

காலையில் முதல் ஆளை மிஷினில் போடுவதற்கு முன்னால் அவர் பின்கட்டுக்குப் போய் மிஷினுக்கு வரும் தண்ணீரைச் சோதிப்பார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து விட்டு, வெள்ளைச் சுவருக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். நிறம் மாறக் கூடாது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு வாசல் பக்கம் திரும்பித் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் வேன் கதவைத் திறக்க வேண்டும்.

ஒரு நாள் தலையாட்டவில்லை. குழாயில் லேசான ரோஸ் நிறம் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மிஷின் பழுது பார்க்கும் ஆள் தொலைபேசியில், சோதிக்கிற மருந்து பழசாகியிருக்கும், ஆரம்பியுங்கள் என்றான். மிஸ்ஸி மறுத்துவிட்டார். நோயாளிகள் வெயிலில் நின்று முணுமுணுத்தார்கள். நிலையத்தின் தலைவர் போனில் கூப்பிட்டு, "ஏம்மா, எல்லாரும் வெளிய நிக்கிறாங்களாம்?" என்று கேட்டார்.

"வாங்க சார். வந்து உங்க கையால பட்டன அமுக்குங்க. தெரியாத ஒன்ன நான் உடம்புக்குள்ள விடமாட்டேன்."

பழுது பார்க்கும் ஆள் வந்து தொட்டியைத் திறந்து பார்த்தான். வடிகட்டும் கரி தீர்ந்து போயிருந்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அப்படியே மிஷினுக்கு வந்திருக்கிறது. அது இரத்தத்தோடு கலந்திருந்தால் இரத்தம் உடைந்துபோயிருக்கும் என்று அப்புறம் சொன்னார்கள். அன்றிலிருந்து மிஸ்ஸி சொன்னால் சாமி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வயதான நோயாளி முனியம்மா ஆன்டி மகனோடு கம்போங் மேடானுக்கு வீடு மாறிப் போனபோதுகூட, பக்கத்தில் இருந்த நிலையத்துக்குப் போகாமல், "எனக்கு மிஸ்ஸி கைதான் வேணும்" என்று அடம்பிடித்து எங்களிடமே வந்தார். அவருக்காகவே நான் அவ்வளவு தூரம் வேனைக் கொண்டுபோவேன்.

இப்போது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் சின்ன அறுவை செய்து இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்து வைப்பார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் மோட்டார் ஓடுகிற மாதிரி அதிரும். அந்தக் கைக்கு நிலையத்தில் மிஷின் கை என்று பெயர். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேனில் ஏறும்போதே ஒருவரை ஒருவர், "கை ஓடுதா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கை நின்றுவிட்டால் ஆளும் நிற்க வேண்டியதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதனால் மிஸ்ஸி ஒவ்வொரு புது நோயாளிக்கும் முதல் நாளே சொல்வார். "இந்தக் கையில கனம் தூக்காதீங்க. கடிகாரம் கட்டாதீங்க. இதுல பிரஷர் பாக்கவோ ஊசி குத்தவோ யாருக்கும் குடுக்காதீங்க. டாக்டரே கேட்டாலும் குடுக்காதீங்க. என்னக் கேளுங்க."

லோரி மணியம் அண்ணன் இதை வேதமாக எடுத்துக்கொண்டவர். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர், மனைவி இல்லை, போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில் மகள் விமலாவோடு இருந்தார். விமலா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் மாலை கட்டினாள், தினமும் ரயிலில் போய் வருவாள். அண்ணனுக்கு முதலில் இடது கையில் செய்திருந்தார்கள். அது சில வருடங்களில் நின்றுபோனது. பிறகு வலது கையில் செய்தார்கள். அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை அவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, புதிதாக வந்த ஒரு டாக்டர் வலது கையில் இரத்தம் எடுக்க வந்திருக்கிறார். அண்ணன் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாராம். திரும்பி வந்ததும் மிஸ்ஸி எல்லார் முன்னாலும், "பாத்தீங்களா, மணியண்ணன் மாதிரி இருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை அண்ணன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. வேனில் ஏறுகிற புது ஆள் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதை உண்டு. டாக்டரின் வயது கதைக்குக் கதை குறைந்துகொண்டே போகும்.

பிறகு கோவிட் வந்தது. ஊரே அடைத்துக் கிடந்தபோதும் எங்கள் வேன் ஓடியது. டயாலிசிஸை நிறுத்த முடியாது. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பார். மணியம் அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டி, "மெசின், டத்தோ, மெசின்" என்பார். அந்தச் சாதாரண போலீஸ்காரருக்கு டத்தோ பட்டம் கொடுத்தவர் அவர்தான்.

தடுப்பூசி வந்ததும் மருத்துவ வேலை செய்கிறவர்களுக்கு முதலில் என்றார்கள். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்தேன். போய்ப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை வலித்தது. ஆயிஷா என்ற மலாய்த் தாதி போட்டுக்கொண்டாள். மூன்றாவது தாதி, மிஸ்ஸி போடட்டும் என்று காத்திருந்தாள். மிஸ்ஸி போடவில்லை.

ஆயிஷா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டாள். நான் கதவோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி மலாயில்தான் பதில் சொன்னார். இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்ததைத்தான் நான் அடுத்தவர் உடம்பில் ஏற்றியிருக்கிறேன், இது இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை, கொஞ்சம் பார்க்கிறேன் என்றார். அப்புறம் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஒரு நாட்டில் ஒரு தாதி ஊசி போட்ட பிறகு மயங்கி விழுகிறாள். ஆயிஷா, இது பயத்தில் வரும் மயக்கமாக இருக்கும் அக்கா என்றாள். இருக்கலாம் என்றார் மிஸ்ஸி. ஆனால் மறுநாளும் அதே வீடியோவை அவர் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

அவர் யாரையும் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நோயாளிகள் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது சாதாரண வார்த்தை. ஆனால் அரை டம்ளர் தண்ணீரைக்கூட இஷ்டத்துக்கு விடாத மிஸ்ஸி அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? வேனில் அவர்களே பேசி முடிவெடுத்தார்கள்.

"மிஸ்ஸிக்குப் புடிக்கல. வெளிய சொல்ல முடியாதுல்ல, கவர்மெண்டு விஷயம்" என்றார் முனியம்மா ஆன்டி.

"நான் போட்டுக்கிட்டேன், ஒன்னும் ஆகல" என்றேன். நான் வாயைத் திறந்ததே அவர்களுக்கு ஆச்சரியம்.

மணியம் அண்ணன் சிரித்தார். "குணா, டயர் வெடிக்குமா வெடிக்காதான்னு நீ சொல்லு, நான் கேட்டுக்குறேன். இது ஊசி. ஊசி போடுறவங்களே போடலயே."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

விமலா மட்டும் விடவில்லை. அப்பாவுக்கு நாள் பதிவு செய்து, ஒரு நாள் லீவு போட்டு, என்னையும் வரச் சொன்னாள். டயாலிசிஸ் இல்லாத நாள் அது. பெரிய மண்டபம். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அண்ணனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நான் தள்ளினேன். வரிசை நகர்ந்தது. ஊசி போடுகிற பெண் ஒவ்வொருவருக்கும் முதலில் ஊசியைத் தூக்கிக் காட்டினாள், மருந்து இருக்கிறது பாருங்கள் என்று. போட்ட பிறகு மறுபடி காட்டினாள், காலி என்று. வெறும் ஊசியைக் குத்துகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்த சமயம் அது.

அண்ணன் முறை வந்தது. அந்தப் பெண் ஊசியைக் காட்டினாள். எந்தக் கை என்று கேட்டாள்.

அண்ணன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டி விட்டார். இரண்டிலும் தையல் தழும்பு, புடைப்பு. "துவா துவா தாங்கான் மெசின்" என்றார். இரண்டுமே மிஷின் கை, எதைக் கொடுக்க?

அந்தப் பெண் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். இளம் சீன டாக்டர் ஒருவர் வந்தார். பொறுமையான ஆள். குனிந்து அண்ணனின் இடது கையைத் தொட்டுப் பார்த்தார், காதில் குழாயை வைத்துக் கேட்டார். இது பழையது, அடைந்துவிட்டது, இதில் போடலாம் என்றார். தோள்பட்டைச் சதையில்தான் போடுவோம், குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் தலையை ஆட்டினார், முடியாது என்று. சரி, தொடையில் போடவா என்றார் டாக்டர்.

"இத்தன பொம்பளப் பிள்ளைங்க நிக்கிற எடத்துலயா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி தமிழில் கேட்டார் அண்ணன். பிறகு சிரிப்பு நின்றது. "எங்க மிஸ்ஸி சொன்னா குடுக்குறேன். அவங்க சொல்லாம குடுக்க மாட்டேன்."

விமலா மிஸ்ஸிக்குப் போன் போட்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பின்னால் மிஷின் கத்துகிற சத்தம் கேட்டது. யாருக்கோ பிரஷர் இறங்கியிருக்கும். விமலா விஷயத்தைச் சொன்னாள்.

"எந்தக் கை?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"இடது கை மிஸ்ஸி. நின்னு போன கை. டாக்டர் போடலாங்குறாரு. அப்பா நீங்க சொன்னாத்தான்னு உக்காந்திருக்காரு."

மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. டாக்டர் காத்திருந்தார். ஊசி போடுகிற பெண் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"மணியண்ணே" என்றார் மிஸ்ஸி கடைசியில். "டாக்டர் சொல்றாரு... உங்க இஷ்டம். மனசுக்குப் படலன்னா, பாருங்க. திங்கக்கிழமை வாங்க, பேசிக்குவோம்."

அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட ஆரம்பித்தார். "பாத்தியா? இன்னிக்கி வேணாங்குறாங்க."

"அப்படிச் சொல்லலப்பா அவங்க."

"அவங்க என்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். தள்ளு குணா."

விமலா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தோளைக் குலுக்கவில்லை, கோபப்படவில்லை. மனசு மாறினால் இன்றைக்கே திரும்பி வரலாம் என்று மட்டும் சொன்னார். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வந்தார்கள். நான் தள்ளினேன். வேனில் விமலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் மட்டும் பழைய பாட்டொன்றை முனகிக்கொண்டு வந்தார். தப்பித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

திங்கட்கிழமை மிஸ்ஸி அவரிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. ஊசி ஏற்றும்போது, "என்னண்ணே, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தார். "விடுங்க மிஸ்ஸி, நான் குடுக்கலயே" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி டாக்டரிடம் கை கொடுக்காத கதையோடு இதையும் சேர்த்துக்கொண்டார். மிஸ்ஸி பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். விமலா வேறொரு நாள் பதிவு செய்து வைத்திருந்தாள். அந்த நாள் வரவில்லை.

கிள்ளான் பக்கம் தொற்று கூடிக்கொண்டே போன சமயம். அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் காலையில் கூட்டிப் போக வந்தபோது அவர் கீழே இரும்புக் கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேனில் ஏற்றுவதற்கு முன்னால் நெற்றியில் வெப்பமானி காட்ட வேண்டும் என்பது மிஸ்ஸியின் சட்டம். காட்டினேன். மறுபடி காட்டினேன். மிஸ்ஸிக்குப் போன் செய்தேன்.

"ஏத்தாதீங்கண்ணே" என்றார். "வேன்ல இருக்கிறவங்க எல்லாம் டயாலிசிஸ் ஆளுங்க. நான் ஆம்புலன்ஸ் சொல்றேன். அங்கயே இருக்கச் சொல்லுங்க."

நான் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னேன். அண்ணன் கம்பி வழியாக வலது கையை நீட்டினார். "கை ஓடுது குணா. தொட்டுப் பாரு, நல்லா ஓடுது. ஏத்திக்க."

"ஆம்புலன்ஸ் வருதுண்ணே."

"அவனுங்க வந்தா இந்தக் கையில குத்திப்புடுவானுங்கடா. என்னை மிஸ்ஸிகிட்ட கொண்டு போ."

வேனில் மற்றவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் அவர் கையைத் தொடவில்லை. விமலா மேலேயிருந்து பையோடு ஓடி வந்தாள். அவளிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கை இன்னும் கம்பிக்கு வெளியேதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு விடக் குழாய் வைத்தார்கள். பிறகு அவர் பேசவில்லை. இறந்த பிறகு விமலாவுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. மின்சுடலையில் தூரத்தில் நின்று கும்பிட்டாள். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள்தான் எல்லாம் செய்தார்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. டயாலிசிஸ் நோயாளிகளில் போட்டுக்கொண்டு இறந்தவர்களும் உண்டு என்று ஆயிஷா சொன்னாள். போட்டிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும் என்பது மட்டும்தான் தெரியும்.

மிஸ்ஸி அந்த வாரம் முழுக்க அவருடைய நாற்காலியில் வேறு ஆளைப் போடவில்லை. பிறகு ஒரு நாள் வேலை முடிந்ததும், "அண்ணே, அந்த மண்டபத்துக்குப் போகணும்" என்றார். கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது தோளில் பஞ்சு ஒட்டியிருந்தது. வேனில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த நாளே நோயாளிகளிடம் பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் போய் நின்று, "நான் போட்டுட்டேன். நீங்களும் போடணும். கண்டிப்பா போடணும்" என்றார். ஓடாத கையில் போடலாம், தோளில் போடலாம் என்று தொட்டுக் காட்டினார்.

முனியம்மா ஆன்டி படுத்தபடியே கேட்டார். "ஏன் மிஸ்ஸி, போடலன்னா வேலய விட்டுத் தூக்கிடுவோம்னுட்டாங்களா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "இல்ல ஆன்டி. நானாத்தான் போட்டேன்."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றார் ஆன்டி.

பலர் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தாதியும் போட்டுக்கொண்டாள். முனியம்மா ஆன்டி மாட்டேன் என்றார். தன் விடுமுறை நாளில் மிஸ்ஸி என்னைக் கூட்டிக்கொண்டு கம்போங் மேடானுக்குப் போனார். ஆன்டி கேட்டைத் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளி ஆளை விடுவதில்லை என்றார். தடுப்பூசியை வேண்டாம் என்கிறவருக்கு நோயைக் கண்டால் பயம் இல்லாமல் இல்லை. மிஸ்ஸி வெயிலில் நின்றபடி பேசினார். நீர் சோதிக்கிற மருந்து, நிறம், தனக்கு முதலில் புரியாமல் இருந்தது, பிறகு படித்துப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னார். கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது.

ஆன்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபமில்லை அவருக்கு. மிஸ்ஸிமேல் அவர் வைத்திருந்த பாசமும் குறையவில்லை. "நீங்கதானே சொன்னீங்க மிஸ்ஸி, உங்க இஷ்டம்னு. இதான் என் இஷ்டம். அன்னிக்கி இருந்த அந்த மிஸ்ஸி சொன்னத நான் கேட்டுக்குறேன். இப்ப உங்கள யாரோ பேச வைக்கிறாங்க."

அந்த ஆன்டி இன்னும் இருக்கிறார். ஊசி போடவேயில்லை. நோய் வந்து போனது. அதை இப்போதும் எல்லாரிடமும் சொல்கிறாராம். ஷாலினி என்னிடம் சொன்ன தாதிகளில் ஒருத்தி அதைத்தான் காரணமாகச் சொன்னாளாம்.

கடைகள் திறந்த பிறகு, தீபாவளி நெருங்கிய சமயம், மிஸ்ஸி என்னை பிரிக்ஃபீல்ட்ஸ் போகலாமா என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெருவில் நல்ல கூட்டம். பூக்கடையில் விமலா வாழைநாரில் சம்பங்கியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாங்க மிஸ்ஸி, வாங்கண்ணே" என்றாள். கை நிற்கவில்லை.

மிஸ்ஸி கடை ஓரமாக நின்றார். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். என்னைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"அந்தக் கையில போட்டிருக்கலாம்மா" என்றார். "ஒன்னும் ஆகாது. அன்னிக்கே எனக்குத் தெரியும். நீ போன் பண்ணப்ப எனக்குத் தெரியும்."

விமலா இன்னொரு பூவை எடுத்து வைத்தாள். நாரைச் சுற்றி இறுக்கினாள்.

"எனக்கும் தெரியும் மிஸ்ஸி" என்றாள். "டாக்டர் சொன்னாரே. அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது. அவரு உங்களத்தான் கேட்டாரு."

மிஸ்ஸி ஏதோ சொல்ல வந்தார். விமலா கட்டி முடித்த மாலையை உதறி ஆணியில் மாட்டிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "அங்கிளுக்கு என்னா மாலை வேணும்?" என்று கேட்டாள்.